உப்புப் பார்க்கும் உத்தியோகம்

பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகவும், உங்கள் முழங்கால் வலி மட்டும் நலமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன். போன மாதம் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. என் பழைய உடம்பை மனதில் வைத்து வாங்கியிருக்கிறீர்கள் போல, இப்போது அதற்குள் நான் பாதி, காற்று பாதி. ஆனாலும் கதகதப்பாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லவும்.

மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி உள்ளதை எழுதுகிறேன். பெரிய மச்சான், எனக்குப் பொறாமை. லேசான பொறாமை இல்லை, காலையில் என்னோடு எழுந்து பல் தேய்க்கும் பொறாமை. என் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டியெடுத்த டாக்டர் வயிற்றெரிச்சலை மட்டும் முழுசாக விட்டுவைத்துவிட்டார். யார் மேல் என்று கேட்பீர்கள். எங்கள் மேல்மாடி அறையில் குடியிருக்கிற லிஃப்ட் மெக்கானிக் மேல். இதைப் போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன். அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிடாதீர்கள், உங்கள் தங்கை மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் சந்தேகமெல்லாம் அவள் கையிலிருக்கும் கரண்டி மேல்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை நிறுத்தவன் நான். சரக்கோடு வரும்போது ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, கழித்தால் வருவது சரக்கு. டேங்கில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தவன், கிளீனரை மூட்டைக்குள் ஒளித்துவைத்தவன், எல்லாரையும் பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஆஸ்பத்திரியில் மேடை ஏற்றி, நூற்று முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டார்கள். அப்போது நீங்கள் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேப்பரில் வந்த ஒரு கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். "மாப்ள, ஒரு வாரம் கஷ்டம், அப்புறம் ராஜா மாதிரி இருக்கலாம்" என்றீர்கள். சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து முழுக் கோழியில் பாதியை ஒற்றை ஆளாக முடித்தீர்கள். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கத்தி உங்கள் வயிற்றுக்கு வரவில்லை, யோசனை மட்டும் உங்கள் வாயிலிருந்து வந்தது. குறை சொல்லவில்லை. நான்கு மாதத்தில் முப்பத்துமூன்று கிலோ இறங்கிவிட்டது, மூச்சு வாங்கவில்லை, செருப்பைக் குனிந்து மாட்டுகிறேன், என் கால் விரல்களை நேரில் பார்த்தேன், இன்னும் அதே பத்துதான். இறங்காதது சாப்பாடு ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்ல ஒரு அம்மா இருக்கிறார். மெதுவான குரல், கடுமையான சட்டம். மருந்து ஊற்றும் சின்ன ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டும். ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். மெல்லும்போது பேசக் கூடாது, பேசினால் காற்று உள்ளே போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலும் பின்னாலும் தண்ணீர் கூடாது. சர்க்கரை போட்டது எதுவும் கூடவே கூடாது, படபடப்பும் மயக்கமும் வரும். வயிறு நிறைவதற்கு ஒரு வாய் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். "நிறையப் போகுதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "தாண்டிட்டீங்கன்னா விக்கல் வரும், மூக்கு ஒழுகும், நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி நிறுத்திக்கணும் சார்" என்றார். வருவதற்கு முன்னாடி நிறுத்த நான் என்ன ஜோசியனா? வரிசையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மூன்று நிமிஷத்தில் மூன்று அடுக்கு கேரியரைக் காலி செய்து கையைத் துடைத்தவன், பெரிய மச்சான், இன்றைக்குக் கால் கிண்ணம் சோற்றை அரை மணி நேரம் மெல்லுகிறேன். நடுவில் ஒரு நாள் வேகமாக விழுங்கிவிட்ட ரொட்டித் துண்டு பாதி வழியில் கடையைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. அது கீழே போகவும் மாட்டேன், மேலே வரவும் மாட்டேன் என்று அடம்பிடிக்க, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். இப்போதெல்லாம் தெருவில் நாய் எலும்பை அப்படியே விழுங்கினால் நின்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு ஏப்பம் விடுகிறது. அந்த ஏப்பத்தைக் கேட்டுக் கண் கலங்கியவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

என் கதை இப்படி என்றால் உங்கள் தங்கையின் கைக் கதை வேறு. இருபத்தேழு வருஷம் என் பழைய வயிற்றுக்குப் பழகிய கை அது. சின்னதாகச் சமைக்கத் தெரியவில்லை. அரை டம்ளர் அரிசி போட்டுப் பார்ப்பாள், பானையின் அடியே நனையவில்லை என்று மறுபடியும் இரண்டு கை அள்ளிப் போடுவாள், அப்புறம் பானையே பாவமாகத் தெரிகிறது என்று இன்னும் ஒரு கை. ஆபரேஷன் ஆன புதிதில் மிச்சமானதையெல்லாம் கொட்டினாள். கொட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தச் சமயத்தில்தான், எனக்குக் கூழாக அரைத்துக் கொடுத்துக் கொடுத்து மிக்சி ஒரு நாள் முனகிவிட்டு நின்றது. மேல்மாடிக்காரன் திருப்புளியோடு இறங்கி வந்தான். பத்து நிமிஷத்தில் சரி செய்தான். உங்கள் தங்கை, "ஒரு வாய் சாப்ட்டுப் போங்க தம்பி" என்றாள். மரியாதைக்குச் சொன்ன ஒரு வாய். அவன் சாப்பிட்டது மூன்று தட்டு. ஆளைப் பார்த்தால் துடைப்பக்குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான், உள்ளே போவது எங்கே போகிறது என்று தெரியாது. அன்றைக்கு ஒரு வாய் என்று உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு அவன் வேலைக்குக் கேரியர் போகிறது, சாயந்திரம் ஏழு மணிக்கு அவனே வருகிறான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? இவன் என் நாற்காலியையே பிடுங்கிக்கொண்டான். தச்சனிடம் சொல்லி என் அகலத்துக்குச் செய்த நாற்காலி அது. அதில் அவன் காலை மடக்கி உட்கார்ந்தும் பக்கத்தில் இன்னொருவன் உட்கார இடமிருக்கிறது.

அந்த ஏழு மணி வேதனையைக் கேளுங்கள். நான் என் கிண்ணத்தோடு ஓரத்தில். அவன் தட்டோடு நடுவில். உங்கள் தங்கை நின்றுகொண்டு பரிமாறுவாள், அவள் எப்போதும் போலப் பிற்பாடுதான் சாப்பிடுவாள். அவன் மெல்லுவதாகவே தெரியாது, பேசிக்கொண்டே இருப்பான். ஒரு நாள், ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட மேனேஜர் பயத்தில் தன்னுடைய எல்லாத் தப்பையும் அவசரப் போனில் ஒப்புக்கொண்ட கதையைச் சொன்னான். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் கரண்டி நடுங்கியது. என்னிடம் அதைவிட நல்ல கதை இருக்கிறது, பன்றி லாரி எடைமேடை மேலேயே திறந்துகொண்ட கதை. ஆனால் நான் அப்போது பதினாலாவது மெல்லலில் இருக்கிறேன். பதினைந்து, பதினாறு என்று ஓடுகிறேன், கண்ணாலேயே பொறு பொறு என்கிறேன். இருபத்தைந்து முடித்து விழுங்கி வாயைத் திறப்பதற்குள் பேச்சு லிஃப்டை விட்டு இறங்கி மழைக்குப் போய்விட்டது. இன்னொரு நாள், "அந்த லிஃப்டு எட்டு பேர் வெயிட்டு தாங்கும் அக்கா, தோராயமா எழுநூறு கிலோ" என்கிறான். என் வீட்டில், என் காது கேட்க, எடையைத் தோராயமாகச் சொல்கிறான்! நான் விரலை உயர்த்தினேன். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "பேசாம மெல்லுங்க. காத்து போயிடும்." அவ்வளவுதான் என் மரியாதை.

ரோஷம் தாங்காமல் ஒரு நாள் நானும் மனுஷன்தான் என்று காட்டுவதற்காக, அவன் எடுக்கப்போன கோழித் துண்டை முந்திக்கொண்டு எடுத்து, ஐந்தே மெல்லலில் விழுங்கினேன். புத்தி கெட்டால் கண் தெரியாது. விக்கல் வந்தது, மூக்கு ஒழுகியது, நெஞ்சில் கல் வந்தது. அந்த அம்மா சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையில் வந்தன. வாயெல்லாம் நுரையாக எச்சில். குளியலறைக்கு ஓடினால் அங்கே துணி ஊறவைத்திருக்கிறது, வாசலுக்கு ஓடி உங்கள் தங்கையின் ரோஜாத் தொட்டியில்தான் விடுதலை கிடைத்தது. நிமிர்ந்தால் என் நெற்றியை ஒரு கை தாங்கிக்கொண்டிருக்கிறது. யார் கை? "மெதுவா சார், மெதுவா. எல்லாம் வந்துடுச்சா?" என்று முதுகைத் தடவுகிறான். உங்கள் தங்கை, "நல்ல வேளை, தம்பி இருந்தாரு" என்றாள். அதற்கு நன்றியாக அவனுக்கு அன்றைக்கு இரண்டு முட்டை கூடுதல். வாந்தி எடுத்தது நான், முட்டை அவனுக்கு. அந்த ரோஜாச் செடி அதற்குப் பிறகு ஒரு மொட்டுகூட விடவில்லை, அதையும் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறாள்.

அதோடு விட்டதா சனி? அடுத்த வாரம் ஆலோசனை அம்மாவைப் பார்க்கத் தனியாகப் போனேன். போகிற வழியில் ஒரு கடையில் சர்க்கரை போட்ட பழச்சாறு, பெரிய டம்ளர். யாரும் பார்க்கவில்லை. திருட்டுத்தனமாக ஒரே மூச்சில் குடித்தேன். சொர்க்கம் என்பது பத்து நிமிஷம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போது இதயம் ஓட்டப் பந்தயம் ஓடுகிறது, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது. சாய்ந்த சாய்ப்பில் அத்தனை பொத்தானையும் முதுகால் அழுத்தியிருக்கிறேன், லிஃப்ட் மணியடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டது. இந்த ஊரில் எத்தனை லிஃப்ட், எத்தனை மெக்கானிக்! மேலேயிருந்து மூடியைத் திறந்துகொண்டு தலையை நீட்டியது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. கீழே இறக்கியதோடு நில்லாமல் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். "சார், பஞ்சு மாதிரி ஆயிட்டீங்க" என்றான். நூற்று முப்பத்தொரு கிலோவில் என்னை அசைக்கக்கூட எவனுக்கும் தைரியம் இருந்ததில்லை. அவன் முதுகில் கிடந்தபடியே பழச்சாறு குடித்ததை உளறிவிட்டேன். வீட்டில் வந்து அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, "வெயில்ல மயக்கம் அக்கா" என்று முடித்துவிட்டான். காட்டிக்கொடுத்திருந்தால் திட்டியாவது இருப்பேன். நல்லவனாக வேறு இருக்கிறான், அதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் கேரியருக்கு ஒரு அடுக்கு கூடிவிட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பெரிய மச்சான். நாற்காலி போனால் போகட்டும், அது இப்போது எனக்குப் பெரிதுதான். தட்டு போனால் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து உங்கள் தங்கை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன்னால் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி, என்னிடம் கொண்டுவருவாள். கீழே கையை ஏந்திப் பிடித்துக்கொண்டு, "உப்பு பாருங்க" என்பாள். நான் நாக்கை நீட்டி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வேன். "இன்னும் ஒரு சிட்டிகை" என்பேன். நான் சொல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் அடுப்பிலிருந்து இறங்கியதில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூடக் கரண்டி வந்துவிடும், பேச்சில்லாமல் நாக்கை நீட்டுவேன், பேச்சில்லாமல் தலையாட்டுவேன். எங்களுக்குள் இருந்த அன்பையெல்லாம் நாங்கள் அந்தக் கரண்டியில்தான் வைத்திருந்தோம், வேறு எப்படிக் காட்டுவது என்று இருவருக்கும் தெரியாது. அந்தக் கரண்டி செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சமையலறையிலிருந்து வந்தது. நான் நாக்கைத் தயார் செய்துகொண்டேன். அது என் மூக்குக்கு முன்னால் போய், என்னைத் தாண்டி, மேல்மாடிக்காரனிடம் நின்றது. கீழே கையை ஏந்திப் பிடித்தபடி, "தம்பி, உப்பு சரியா இருக்கா பாருங்க" என்றாள். அவன் கண்ணைக்கூட மூடவில்லை. "சூப்பர் அக்கா" என்றான். சூப்பர்! உப்பைப் பற்றிக் கேட்டால் சூப்பர் என்பது ஒரு பதிலா? கூடவா, குறைவா, சொல்ல வேண்டாமா? இருபத்தேழு வருஷ உத்தியோகத்தை ஒரே நாளில், ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்காமல், நாக்கு ருசி தெரியாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். அழவில்லை என்று எழுதினால் பொய்.

ஆகவே பெரிய மச்சான் அவர்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வர வேண்டும். வந்து உங்கள் தங்கையிடம், ஊருக்கெல்லாம் வடித்துக்கொட்டுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். மேல்மாடிக்காரனிடம், ஒரு மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி பெரிய மனுஷன் என்ற முறையில் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொறாமை என்பார்கள். நான் ஆதாரமில்லாமல் புகார் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் சாப்பாட்டை அளக்க ஆஸ்பத்திரியில் வாங்கச் சொன்ன சமையல் தராசு இங்கே இருக்கிறது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவன் எவ்வளவு கொண்டுபோகிறான் என்பதை உங்கள் தங்கைக்குத் தெரியாமல் நிறுத்து, எடைச் சீட்டை இதோடு இணைத்து அனுப்புகிறேன். பார்த்தால் மலைத்துப்போவீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், மென்று சாப்பிடட்டும். எல்லாரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மேல்மாடிக்காரனும் இருக்கட்டும், வேறு வீட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எடை குறைந்தும் மனம் கனத்த,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: பெரிய மச்சான், வர வேண்டாம்.

எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எடைமேடையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான சீட்டைக் கிழிக்கக் கூடாது, கோடு போட்டு அடிக்கவும் கூடாது. சரியான சீட்டை அதன் பின்னால் சேர்த்துக் குத்திவிட வேண்டும், இரண்டையும் பார்த்தால்தான் தப்பு எங்கே நடந்தது என்று பிற்பாடு வருகிறவனுக்குத் தெரியும். அதனால் இதைச் சேர்க்கிறேன்.

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் பானைகளை நிறுத்தேன். வெற்றுப் பாத்திரத்தின் எடை கழித்துச் சாப்பாடு இரண்டு கிலோ அறுநூறு. கேரியரில் போனது ஆயிரத்து எழுநூறு. பார்த்தீர்களா என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் கிண்ணத்தில் நூற்று இருபது. மிச்சம் எழுநூற்று எண்பது, அது அவளுக்கு. எல்லாம் சரியாக வந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு, பழக்கதோஷம், திரும்பி வரும் லாரியை நிறுக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் மிச்சத்தை மறுபடி நிறுத்தேன். எழுநூற்று எண்பது. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணூற்றுப் பத்து, சாயந்திரம் எண்ணூற்றுப் பத்து. மேலே உள்ள கடிதத்தை எழுதி முடித்துவிட்டுச் சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்தாலும் அப்படியே. "சாப்ட்டியா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றாள். அந்த மிச்சத்தைத்தான் ஏழு மணிக்குச் சூடு பண்ணி மேல்மாடிக்காரனுக்குப் போடுகிறாள்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். நான்கு மாதமாக அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், பரிமாறுகிற கையைப் பார்த்தேன். விரலில் மோதிரம் கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றியிருக்கிறாள். மெஷினுக்குப் பாட்டரி சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி, நான் நிற்கும் எடை மெஷினில் அவளை நிற்க வைத்தேன். ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தபோது விளையாட்டாக ஏறி நின்றாளே, அன்றைக்கு அறுபத்தொன்று. எங்கள் வீட்டில் ஒன்பது கிலோ காணாமல் போயிருக்கிறது, எடைமேடைக்காரனுக்குத் தெரியவில்லை.

"ஏன் இப்படிப் பண்ற?" என்று கத்தினேன். மெஷினிலிருந்து இறங்கினாள். அப்புறம் சொன்னாள். "நீங்க ஒரு ஸ்பூன வாயில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் போராடறீங்க. அதப் பாத்துட்டு வந்து எனக்கு மட்டும் தட்டு நிறையப் போட்டுக்கிட்டா எப்படிங்க இறங்கும்? தொண்டையிலயே நிக்குது." "அப்ப எதுக்கு அவ்ளோ சமைக்கிற?" என்றேன். "கை அப்படித்தான் வருது. வீட்ல வாசனை இருந்தா நீங்க ஏங்குவீங்க. அதான் சீக்கிரம் தம்பிக்குப் போட்டு அனுப்பிடறேன்." கடைசியில் கரண்டியைப் பற்றியும் கேட்டுவிட்டேன், கேட்காமல் என்னால் முடியாது. "நான் வாயில வைக்கறதே இல்ல, உப்பு யாரு பாக்கறது? உங்கள்ட்ட குடுக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். கிட்ட வந்ததும் கையில தைரியம் இல்ல. ஒரு சொட்டக் காட்டிட்டு மிச்சத்தத் தராம இருக்கறதுக்கு, காட்டாமயே இருக்கலாம்னு தோணுச்சு."

ஆபரேஷன் எனக்கு ஒருத்தனுக்குத்தான் செய்தார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய மச்சான்.

மேலே போய் மெக்கானிக்கின் கதவைத் தட்டினேன். அவன் என்னைப் பார்த்ததும் பயந்து எழுந்தான். வெளிச்சத்தில் ஆளைச் சரியாகப் பார்த்தேன், துடைப்பக்குச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கிறது. "சார், நானே சொல்லலாம்னு இருந்தேன். அக்கா போடறத வேணாம்னு சொல்ல வாய் வரல. எட்டு கிலோ ஏறிடுச்சு சார். லிஃப்டு மேல மூடி வழியா இப்ப நுழைய முடியல, போன வாரம் நானே மாட்டிக்கிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திட்டறாரு" என்றான். காலி செய்யச் சொல்ல இருந்தவன், கேரியரை நிறுத்திவிட்டுச் சாயந்திரம் மட்டும் தவறாமல் வரும்படி கேட்டுக்கொண்டு இறங்கினேன். அவன் எதிரில் அவள் உட்கார வேண்டும், அவன் கதை சொல்ல வேண்டும், அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தெரியாமல் நான்கு வாய் உள்ளே போக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நேற்று சாயந்திரம் முதல் தடவையாக நான் கரண்டியைப் பிடித்து அவளுக்குப் பரிமாறினேன். பரிமாறத் தெரியவில்லை, பாதி மேஜையில் கொட்டியது. "போதும், போதும்" என்றாள். கேட்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், என் கிண்ணத்தைப் பார்த்தாள், தட்டைத் தள்ளப் பார்த்தாள். நான் மெல்லுவதை நிறுத்திவிட்டு, காற்று போனால் போகட்டும் என்று பன்றி லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சரியாகச் சொல்லவில்லை, நடுவில் விக்கல் வேறு வந்தது. விக்கலுக்குத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். தட்டில் முக்கால்வாசி காலியானது. ஆனாலும் மேல்மாடிக்காரன் சொன்ன கதைக்குத்தான் அதிகம் சிரித்தாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்ச் சீட்டு.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு உதவி. இந்த நான்கு மாதமும் நீங்கள், அக்கா, சொந்தக்காரர்கள், தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டது, அவர் என்ன சாப்பிட்டார், அவருக்கு எவ்வளவு இறங்குகிறது என்றுதான். நானும் அதையேதான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதீர்கள். "நீ சாப்ட்டியா?" என்று அவளைக் கேளுங்கள். "ஆச்சு" என்பாள். நம்பாதீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.